சூடு ஆறாத எஞ்சின்

எஞ்சின் வெதுவெதுவென்று இருந்தது.

அவன் முதலில் அதை நம்பவில்லை. நாலு நாளாக விடாமல் பெய்த மழையில் ஷெட்டுக்குள் இருந்த இரும்பெல்லாம் சில்லிட்டுக் கிடக்க, மேசைமேல் இருந்த எஞ்சின் பிளாக் மட்டும் தூங்கி எழுந்த குழந்தையின் நெற்றி மாதிரி இருந்தது. பக்கத்தில் கிடந்த ஸ்பேனரைத் தொட்டான். சில்லென்றிருந்தது. தன் கைதான் சூடோ என்று சட்டையில் துடைத்துவிட்டு, புறங்கையை வைத்துப் பார்த்தான். எதையும் இரண்டு தடவை பார்க்காமல் நம்பாதவன் அவன். மூன்றாவது தடவையும் பார்த்துவிட்டுத் தன்னையே சந்தேகப்படுகிறவன்.

அது ஓடியிருக்க வழியே இல்லை. பிஸ்டன்கள் பக்கெட்டில் மண்ணெண்ணெயில் ஊறிக்கொண்டிருந்தன. அவற்றை ஏற்றி இறக்கவேண்டிய கிராங்க் ஷாஃப்ட் லேத் பட்டறைக்குப் போயிருந்தது. கழற்றிய போல்ட்டுகள், எது எந்த இடம் என்று படம் வரைந்த அட்டையில் வரிசையாகக் குத்தி நின்றன. எஞ்சின் இல்லாத கார் ஓரமாக, பானட்டைத் திறந்து போட்டபடி, பல் பிடுங்கிய வாய் போல நின்றது.

கார் அத்தானுடையது. போன மழைக்காலத்தில் அவர் இதே ஷெட்டில் எஞ்சினை ஓடவிட்டு, அதில் ஏதோ சத்தம் வருகிறதென்று, விரலெல்லாம் கிரீஸோடு காருக்குள் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தார். சுவருக்கு அந்தப் பக்கம்தான் அவர் மகள் பாப்பா தூங்கும் அறை. அவள் எழுந்துவிடக் கூடாதே என்று கதவைச் சாத்தி, அடி இடுக்கில் பழைய துணியையும் அடைத்திருந்தார். புகை போக வழியில்லை. அக்கா போய்ப் பார்த்தபோது ஸ்டீயரிங்கில் தலை வைத்துத் தூங்குகிறவர் மாதிரி இருந்தார். நிறுத்த ஆளில்லாமல் ஓடி ஓடி எஞ்சினும் சூடேறி இறுகிப் போயிருந்தது. பாப்பா அன்றைக்கு நன்றாகத் தூங்கினாள்.

வண்டியை விற்றுத் தள்ளிவிட அக்காவுக்கு மனசு வரவில்லை. பாப்பாவைப் பள்ளியில் விட்டுவிட்டு இரண்டு பஸ் மாறி வேலைக்கு அலைந்தவள், தம்பி மாலை வகுப்பில் மோட்டார் வேலை படிக்கிறானே என்று அவனிடமே ஒப்படைத்தாள். ஒரே நிபந்தனை: ஷெட்டுக்குள் வைத்து ஓட்டிப் பார்க்கக் கூடாது. அவன் பாப்பாவின் தலையில் கை வைத்துச் சத்தியம் செய்திருந்தான்.

அதனால்தான், அன்று காலை துவைக்க எடுத்த அவன் சட்டையை மோந்து பார்த்துவிட்டு அக்கா நேராகக் கேட்டாள்.

"உண்மையச் சொல்லு. உள்ள எஞ்சின ஓட்டுறியா?"

"பிஸ்டன் பக்கெட்ல கிடக்குக்கா. வாயால ஊதித்தான் ஓட்டணும்."

அவள் சிரிக்கவில்லை. புகை வாடை அடிக்கிறது என்றாள். அவனுக்கும் அடித்தது. ஆனால் சட்டையிலிருந்து அல்ல. பாப்பா தன் அறைக் கதவைத் திறந்துகொண்டு வந்தபோது, அவளோடு சேர்ந்து வந்தது.

தலை வலிக்குது என்று பாப்பா சிணுங்கினாள். அவளுடைய கன்னங்கள் செக்கச்செவேலென்று இருந்தன. அப்பா போனதிலிருந்து தூக்கத்தில் வீறிட்டு அழுதுகொண்டிருந்த பிள்ளை, இந்த வாரமாக அடித்துப் போட்ட மாதிரி தூங்குகிறாள் என்று அக்கா சொன்னாள். அதைச் சொல்லும்போது மட்டும் அவள் குரலில் ஒரு நிம்மதி தெரிந்தது. அந்த நிம்மதி அவனுக்குப் பிடிக்கவில்லை. ஷெட்டுக்கு இரண்டு சாவி. ஒன்று அவளிடம் இருக்கிறது. பிள்ளை தூங்கவேண்டும் என்பதற்காக அக்கா எதையாவது செய்கிறாளோ? என்ன செய்ய முடியும்? பாகம் பாகமாகக் கிடக்கிற எஞ்சினை யார்தான் என்ன செய்ய முடியும்? தெரியவில்லை. ஆனால் சந்தேகம் மேல்துணியில் பட்ட கிரீஸ் மாதிரி, துடைக்கத் துடைக்கப் பரவியது.

மறுநாள் ஷெட் கதவு இறுக்கமாகத் திறந்தது. தள்ளிப் பார்த்தால் அடி இடுக்கில் துணி. உள்பக்கத்திலிருந்து அடைத்திருந்தது. ஷெட்டுக்கு வேறு கதவு கிடையாது. ஜன்னலுக்குக் கம்பி உண்டு. உள்ளேயிருந்து அடைத்தவர் எந்த வழியாக வெளியே போனார்? ஒருவேளை தன் காலில் பட்டுத் துணி அங்கே போயிருக்குமோ என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டு பிளாக்கைத் தொட்டவன், சுரீரென்று கையை எடுத்தான்.

நேரே அக்காவிடம் போய் சாவியைக் கேட்டான்.

"என்னையே சந்தேகப்படுறியா?"

"நீ என்னச் சந்தேகப்படலையா?"

சாவியை அவன் கையில் வைக்காமல் மேசைமேல் போட்டாள். அவன் எடுத்துப் பையில் போட்டுக்கொண்டான்.

அன்று மாலை வகுப்பில் வாத்தியாரிடம் பொதுவாகக் கேட்பது போலக் கேட்டுப் பார்த்தான். ஓடாத எஞ்சின் சூடாகுமா? உங்க வீட்டு எஞ்சினுக்குக் காய்ச்சல், மாத்திரை வாங்கிக் குடு என்றார் அவர். வகுப்பே சிரித்தது. பிறகு பாடத்துக்குத் திரும்பி, மூடிய இடத்தில் வண்டிப் புகை என்ன செய்யும் என்று சொல்லிக்கொண்டே போனார். முதலில் தலைவலி. அப்புறம் நல்ல தூக்கம். சிலருக்குக் கன்னமெல்லாம் சிவந்து, பார்த்தால் ஆரோக்கியமாக இருக்கிற மாதிரியே தெரியும்.

அவன் பையைக்கூட எடுக்காமல் எழுந்து ஓடினான்.

பஸ்ஸில் அக்காவுக்குப் போன் போட்டுக்கொண்டே வந்தான். மணி அடித்தது. எடுக்கவில்லை. தெருவில் இறங்கியபோது வெளிச்சம் முழுதாகப் போயிருக்கவில்லை; மழை இருட்டு. வீட்டு வாசல் கதவு திறந்து கிடந்தது. பாப்பாவின் கட்டிலில் யாரும் இல்லை. விரிப்பு இல்லை, போர்வை இல்லை, வெறும் மெத்தை. சுவரில் கை வைத்தான்.

சுவர் அதிர்ந்தது.

மெதுவாக, ஒரே சீராக, ஒரு தடங்கலும் இல்லாமல். நன்றாகச் சரிசெய்த எஞ்சினின் ஓட்டம். தன்னால் அவ்வளவு சுத்தமாக ஓட வைக்க முடியாது என்றுகூட அந்த நேரத்திலும் அவனுக்குத் தோன்றியது.

ஷெட்டுக்கு ஓடினான். இரண்டு சாவியும் அவன் சட்டைப் பையில்தான் இருந்தன. பூட்டு திறந்தது. கதவு அசையவில்லை. குனிந்து பார்த்தான். அடி இடுக்கில் பாப்பாவின் போர்வை. இறுக அடைத்திருந்தது. தோளால் மோதினான். மறுபடி மோதினான். அக்கா என்று கத்தினான்.



காலி டிரம்மை உருட்டி வந்து, ஏறி, ஜன்னல் கம்பியைப் பிடித்தான். கம்பி சுட்டது.

உள்ளே புகை. மேசைமேல் பிளாக். பக்கெட்டில் பிஸ்டன். அட்டையில் போல்ட்டுகள், ஒன்றுகூடக் குறையாமல். வாய் திறந்த பானட்டுக்குள் வெறும் பள்ளம்; அதன் வழியே தரை தெரிந்தது.

கார் ஓடிக்கொண்டிருந்தது.

பின் சீட்டில் அக்கா. தலை கண்ணாடியில் சாய்ந்திருந்தது. கன்னம் சிவந்திருந்தது.

முன் சீட்டில், யாரோ ஒருவரின் மடியில், பாப்பா. மூடிய கண்கள். திறந்த வாய். அவள் முதுகை ஒரு கை தட்டிக்கொடுத்துக்கொண்டிருந்தது. விரல் இடுக்கெல்லாம் கிரீஸ் ஏறிய கை.

அவன் ஜன்னலை ஓங்கி அடித்தான். கண்ணாடி உடைந்து உள்ளே விழுந்தது.

பாப்பா லேசாகப் புரண்டாள்.

தட்டிக்கொண்டிருந்த கை நின்றது. பிறகு கதவுப் பக்கம் நீண்டு, மிச்சமிருந்த விரலளவு இடைவெளியையும் மூடுவதற்கு, காரின் கண்ணாடியை மெல்ல மெல்ல ஏற்றத் தொடங்கியது. சத்தம் வராமல். பிள்ளை எழுந்துவிடாமல்.