மடங்காத கால்

சமையலறைத் தரையிலிருந்து அரிவாள்மணையின் சத்தம் வந்தது.

கர்க்கடக மாதத்து மழை மட்டாஞ்சேரியின் ஓடுகள்மேல் விடாமல் கொட்டிக்கொண்டிருக்க, தெருக்கோடிச் சரக்குக் கிட்டங்கியிலிருந்து ஈரச் சுக்கின் வாசனை ஜன்னல் வழியே கனத்து இறங்க, கரண்ட் போன அறையில் பகல் தூக்கம் கலைந்து கிடந்த சுபாஷிணிக்கு அந்தச் சத்தம் மட்டும் தனியாகக் கேட்டது. சரக். சரக். யாரோ கீழே உட்கார்ந்து வாழைக்காய் நறுக்குகிறார்கள்.

வீட்டில் அவளையும் மாமியார் கனகாம்பாளையும் விட்டால் வேறு ஆளில்லை. கனகாம்பாள் தரையில் உட்கார்ந்து ஒரு வருஷத்துக்கு மேலாகிறது. அவளுடைய வலது முழங்கால் மடங்காது.

தேய்ந்துபோன மூட்டை எடுத்துவிட்டுச் செயற்கை மூட்டு வைத்தார்கள். அதில் சீழ் பிடித்தது. ஆஸ்பத்திரி வராந்தாவில் டாக்டர் சுபாஷிணியிடம் இரண்டு வழி சொன்னார். மூட்டைக் கழற்றி, மருந்து கலந்த சிமெண்ட் வைத்து, சீழ் ஆறிய பிறகு இன்னொரு மூட்டு வைக்கலாம். மாதக்கணக்கில் படுக்கை, ஆனால் சரியானால் கால் மடங்கும். இல்லையென்றால் கம்பி செருகி, தொடையெலும்பையும் கீழ்க்கால் எலும்பையும் ஒன்றாக ஒட்டவிடலாம். வலி போய்விடும். கால் கடைசிவரை நீட்டியபடியே இருக்கும்.

"அம்மாவிடம் கேட்டுச் சொல்லுங்கள்," என்றார்.

மஸ்கட்டிலிருந்து கணவன் ஸ்ரீநாத் ஐ.எஸ்.டி.யில், "நீயே தீருமானிச்சுக்கோ," என்றான். இன்னும் எத்தனையோ மாதம் பெட்பான் எடுப்பதை நினைத்தாள் சுபாஷிணி. கட்டிலருகே போய், "எலும்பை ஒட்டவிடறதைத் தவிர வேற வழியே இல்லையாம், அம்மா. டாக்டர் சொல்லிட்டார்," என்றாள்.

கனகாம்பாள் அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். "நீ சொன்னா சரியாத்தான் இருக்கும் கேட்டியோ. உன்னை ரொம்பப் பாடுபடுத்தறேன்."

பிறகு எத்தனை முறை கை கழுவியும் சுபாஷிணிக்கு அந்தப் பிடியின் சூடு போகவில்லை.

சரக்.

"அம்மா?"

"என்னடி?" குரலும் தாழ்விலிருந்துதான் வந்தது.

"மேடைமேல வெச்சு நறுக்கப்படாதோ?"

"நின்னுண்டு நறுக்கினா மனசுக்குப் பிடிக்கலை. உக்காந்துண்டாக்கும் நறுக்கறேன்."

"விழுந்துட்டேளா?"

சிரிப்பு. "விழலை. பயப்படாதே, உன்னைத் தூக்கச் சொல்ல மாட்டேன்."

சுபாஷிணி எழுந்தாள். கூடத்தில் நாற்காலி காலியாக இருந்தது. வாக்கர் அதன் பக்கத்திலேயே நின்றது. காலை நீட்டி வைக்கும் முக்காலியில் துண்டு மடிப்புக் கலையாமல் கிடந்தது.

ஈரச் சுவரைத் தொட்டபடி நடந்தாள். சரக் நின்றது. இப்போது வேறொரு சத்தம். மெல்லியது. பச்சைக் கொம்பை வளைப்பது போல.

திரும்பிப் போய்விடலாம்.

போகவில்லை. நிலைப்படியில் நின்றாள்.

கனகாம்பாள் அரிவாள்மணைமேல் உட்கார்ந்திருந்தாள். வலது கால் மடங்கியிருந்தது. முழங்கால் நேராகத்தான் இருந்தது, நீளத் தழும்போடு. மடங்கியிருந்தது தொடை. நடுவில். ரத்தமில்லை. முகத்தில் வலியில்லை.

"வேற வழி இல்லேன்னியே," என்றாள், குழந்தைக்கு ஆறுதல் சொல்வது போல. "இருந்தது, கேட்டியோ. நானே கண்டுபிடிச்சுண்டேன்."

பிறகு கணுக்காலுக்கு மேலே, எலும்பு மட்டுமே இருக்கும் இடத்தை இரண்டு கைகளாலும் பிடித்து, அவசரமில்லாமல், அங்கேயும் ஒரு மடிப்பு மடித்துப் பாதத்தை இழுத்து உடம்போடு சேர்த்துக்கொண்டாள்.