எத்தனை வருஷம் இருப்பீங்க?

"அதைக் கழட்டிடுங்க..."

பக்கத்து நாற்காலியிலிருந்து வந்த கிசுகிசுப்பில் அவளுக்குச் சுர்ரென்று கோபம் ஏறியது. யார் இவன்? முன்பின் தெரியாத பெண்ணிடம் எதைக் கழட்டச் சொல்கிறான்?

"என்ன சொன்னீங்க?"

"உங்க கழுத்துல தொங்குதே... அதைத்தான்."

குனிந்து பார்த்தாள். ஐயோ! நீல நாடா, அதன் நுனியில் அவள் போட்டோ, அதற்கு மேல் கொட்டை எழுத்தில் அவள் வேலை பார்க்கும் தராசுக் கம்பெனியின் பெயர். ஒன்பது வருஷமாகத் தலை வாரி முடித்ததும் கை தானாக எடுத்து மாட்டிவிடும் அடையாள அட்டை. அதை மாட்டிக்கொண்டு, போட்டிக் கம்பெனியின் வரவேற்பறையில், அவர்களிடமே வேலை கேட்டு ஜம்மென்று உட்கார்ந்திருக்கிறாள்! வீட்டில் பல் வலி என்று பொய், கம்பெனியில் காய்ச்சல் என்று லீவு... எல்லாம் செய்தவளுக்கு இது தோன்றவில்லை பாருங்கள்.

அவசரமாகக் கழற்றினாள். நாடா கம்மலில் மாட்டிக்கொண்டது. இழுத்தால் வரவில்லை. அவன் உதவ நீட்டிய கையைச் சட்டென்று மடக்கிக்கொண்டான்.

"மெதுவா... இடது பக்கமா தூக்குங்க... ம், வந்துடுச்சு."

அப்போதுதான் அவன் கண்களைப் பார்த்தாள். சிரிப்பை அடக்கிக்கொண்டிருந்த கண்கள்... ஆனால் கேலி இல்லை. கண்ணாடிச் சுவருக்கு வெளியே மழை பிடித்திருந்தது. அந்த ஈர வெளிச்சம் முழுக்க அந்தக் கண்களில் இருந்தது. பார்வையைத் திருப்ப அவளுக்கு இரண்டு நொடி கூடுதலாகவே ஆனது.

"முதல் இன்டர்வியூவா?"

"ஆமா."

"ஒன்பது வருஷத்துலயா?" அட்டையில் சேர்ந்த தேதியைப் படித்துவிட்டான், திருடன்!

"ஏன், நீங்க?"

"பதினோரு வருஷம், ஆறு கம்பெனி. இது கிடைச்சா ஏழு."

"ஆறா! வெட்டுக்கிளி மாதிரி..." சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

அவன் வாய்விட்டுச் சிரித்தான். "நல்ல பேர்தான். நானும் உங்களுக்கு 'ஒன்பது வருஷம்'னு வச்சிட்டேன், சரிக்குச் சரி. உள்ள கடைசியா ஒரு கேள்வி கேப்பாங்க. எங்ககிட்ட எத்தனை வருஷம் இருப்பீங்கன்னு. ரொம்ப வருஷம்னு சொல்லிடுங்க. பொய்னு உங்களுக்கும் தெரியும், அவங்களுக்கும் தெரியும். ஆனா சொல்லணும்."

"பொய் எதுக்கு? சேர்ந்தா நான் இருப்பேன்தானே?"

அவன் சிரிப்பு நின்றது. அவளையே பார்த்தான்... காணாமல் போன பொருளைப் பிறர் வீட்டு அலமாரியில் கண்டவன் மாதிரி.

அவன் தற்சமயம் வேலை பார்க்கும் கிடங்கு, அவள் கம்பெனிக்கு இரண்டு தெரு தள்ளித்தான் இருந்தது. இது தெரிந்த பிறகு இருவருக்கும் ஒரே பஸ் ஸ்டாப் பிடித்துப்போனதில் ஆச்சரியம் என்ன இருக்கிறது? அவள் போக வேண்டிய பஸ் ஒன்று வரும், போகும். "இதுல கூட்டம்" என்பாள். அடுத்தது காலியாக வரும். "இதுல ஜன்னல் உடைஞ்சிருக்கு" என்பான் அவன். பத்து நாள் இப்படியே போயிற்று.

ஒரு நாள் கேட்டே விட்டாள். "ஒரு இடத்துலகூட மனசு ஒட்டலையா உங்களுக்கு?"

"ஒட்டாம என்ன... ரெண்டு இடம்தான் நானா விட்டது. இப்ப இருக்கறதைத் தவிர மிச்ச மூணும் என்னை விட்டது. முதல் கம்பெனியில கேட் மூடின அன்னிக்கு ரோட்ல நின்னு அழுதேங்க. ரெண்டாவதுல அழலை. மூணாவதுல, சேர்ந்த அன்னிக்கே மேஜையில எதையும் வைக்காம பழகிட்டேன்." சாரல் படாமல் அவளுக்கு முன்னால் வந்து நின்றுகொண்டான். "இந்த பஸ் ஸ்டாப்புக்கு மட்டும்தான் தினம் வரணும்னு தோணுது..."

அவளுக்குக் காது வரை சூடானது. அன்று மூன்று பஸ்களைத் தவறவிட்டாள்.

பதினோராம் நாள் போன் வந்தது. இருந்தது ஒரே ஒரு இடம், அது அவளுக்கு. வேலை பத்து மணி நேர ரயில் தூரத்தில், புதிய தொழிற்சாலையில்.

"எனக்கு ரெண்டாவது இடமாம்" என்றான் அவன். "நீங்க வேணாம்னாத்தான் என்னைக் கூப்பிடுவாங்களாம். ஒழுங்கா போயிடுங்க. நானும் அந்த ஊர்லயே ஏதாவது தேடிக்கறேன். தாவறதுதான் எனக்குக் கை வந்த கலையாச்சே!"

பறந்துதான் வீட்டுக்கு வந்தாள். அங்கே அப்பா, தலைவலி மாத்திரை தேடி, வீட்டில் கிடந்த அவளுடைய இன்னொரு பையைத் திறந்தவர், ஒரு துண்டுச் சீட்டை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். போட்டிக் கம்பெனியின் விசிட்டர் சீட்டு. மேலே அவள் பெயர், நேரம், 'நேர்முகத் தேர்வு'.

அப்பா அதே தராசுக் கம்பெனியில் முப்பத்து நாலு வருஷம் இருந்து, போர்மேனாக ஓய்வு பெற்றவர். எடைக்கல்லை வைத்துத் தராசு முள் நேராக நிற்கிறதா என்று பார்க்கும் சோதனைப் பிரிவில் அவளைச் சேர்த்துவிட்டவரும் அவர்தான். இன்னமும் கம்பெனியின் காலைச் சங்கு ஊதும்போது ஷேவ் செய்து முடித்திருப்பார்.

"பல் வலின்னு சொன்னியேம்மா..."

"அப்பா, அங்க ஆளைக் குறைச்சிட்டே வராங்கப்பா. என் பிரிவுல பாதி மேஜை காலி. நீங்களும் என்கூட வாங்க, அந்த ஊர்ல..."

"நமக்குச் சோறு போட்ட கம்பெனிம்மா அது! முப்பத்து நாலு வருஷத்துல ஒரு நாள் லேட்டா போயிருப்பேனா? உங்கம்மா ஆஸ்பத்திரியில கிடந்தப்பகூட ஷிப்டை விடலை நான்."

அதைப் பெருமையாகச் சொன்னார். அம்மா கண் மூடியது அந்த ஷிப்டு நேரத்தில்தான். பக்கத்தில் இருந்தது பதினாறு வயது மகள் மட்டும். 'இதுவா அப்பா பெருமை?' என்று தொண்டை வரை வந்தது. கேட்கவில்லை. கேட்டால் அந்த மனிதரிடம் மிச்சம் என்ன இருக்கும்?

இரண்டு நாள் அப்பா அவளோடு பேசவில்லை, அவள் கையால் சாப்பிடவும் இல்லை. மூன்றாம் நாள் அவள் போட்டிக் கம்பெனிக்குப் போன் செய்து, வேலைக்கு வர முடியவில்லை, மன்னிக்கவும் என்று சொல்லி வைத்தாள். குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டு அழுதாள். அந்த வேலைக்காகவா அழுதாள்? போங்கள், உங்களுக்குத் தெரியாதா!

அப்பாவுக்குத் தலைகால் புரியவில்லை. மறுநாள் பழைய யூனிபாரம் சட்டையை இஸ்திரி போட்டு மாட்டிக்கொண்டு, மகளிடம் சொல்லாமல், கம்பெனிக்கே போய்விட்டார். மேனேஜர் ஒரு காலத்தில் அப்பாவிடம் வேலை பழகியவர். அவரிடம் போய்க் கைகூப்பினார். "என் பொண்ணு ஒரு தப்பு பண்ணிட்டா சார். வேற இடத்துக்கு இன்டர்வியூ போயிட்டா. இனிமே போக மாட்டா. நீங்க மனசுல வச்சுக்கக் கூடாது." மேனேஜர் காபி வரவழைத்துக் கொடுத்தார். வாசல் வரை வந்து வழியனுப்பினார்.

வெள்ளிக்கிழமை அவளைக் கூப்பிட்டார்கள்.

"உன் பிரிவுல நாலு பேரைக் குறைக்கணும்னு உத்தரவும்மா" என்றார் மேனேஜர், மேஜையைப் பார்த்துக்கொண்டே. "மூணு பேர் எழுதியாச்சு, நாலாவது யாருன்னு முழிச்சிட்டிருந்தேன். நீ எப்படியும் வெளிய தேடறவ... உங்கப்பாவே சொன்னாரேம்மா. உன்னை வச்சுக்கிட்டு, வேற வழி இல்லாதவங்களை எப்படி அனுப்பறது, சொல்லு?"

அடையாள அட்டையைக் கழற்றி வைத்தாள். இந்த முறை நாடா எதிலும் மாட்டவில்லை.

விஷயம் தெரிந்த நிமிஷத்தில் அப்பா அப்படியே நாற்காலியில் உட்கார்ந்தார். அதற்குப் பிறகு ஒரே வாக்கியம்தான். "நல்லதுக்குத்தானேம்மா சொன்னேன்... நல்லதுக்குத்தானே சொன்னேன்..." திங்கட்கிழமை சங்கு ஊதியது. அப்பா ஷேவ் செய்யவில்லை. சோறு தட்டில் காய்ந்தது. முப்பத்து நாலு வருஷமும் ஒரே காலையில் இடிந்து அந்த உடம்பின் மேல் விழுந்துவிட்டது. அவரைத் திட்டவாவது முடிந்திருந்தால் அவளுக்கு நெஞ்சு ஆறியிருக்கும்.

அன்று மாலை வேலை இல்லாமலே பஸ் ஸ்டாப்புக்கு வந்தாள். கொட்டும் மழை. அவன் நின்றிருந்தான், கையில் பிளாஸ்டிக் உறையில் ஒரு கவர்.

"மூணு நாளா காணோமே, என்ன ஆச்சு?"

சொன்னாள். எல்லாவற்றையும் சொன்னாள். சொல்லும்போது கை அடிக்கடி நெஞ்சுப் பக்கம் போய் இல்லாத அட்டையைத் தடவியது. அவன் அதைப் பார்த்தான். அவன் கண்கள் நிறைந்துவிட்டன.

"எனக்கு ஆர்டர் வந்திருக்கு" என்றான் கடைசியில். "நீங்க வேணாம்னு சொன்ன அதே இடம். நாளைக்கு ரயில்... ஆனா நான் போகலை. இங்கேயே இருக்கேன். கிடங்கு வேலை போதும்."

"போங்க."

"எப்படிங்க போறது, உங்களை இப்படி விட்டுட்டு? நான் முதல் தடவையா ஒரு இடத்துல இருக்கணும்னு நினைக்கிறேன். உங்களுக்காக."

"இருந்து இருந்து ஒண்ணுமில்லாமப் போன ஒருத்தரை வீட்ல வச்சிருக்கேன். இன்னொருத்தரை அப்படிப் பாக்க என்னால முடியாது. போயிடுங்க... வெட்டுக்கிளி."

"நீங்களும் வாங்க."

"அப்பா நாற்காலியை விட்டே எந்திரிக்கலை. அவரை எங்க தூக்கிட்டு வர?"

அவளுடைய பஸ் வந்தது. கூட்டமும் இல்லை, ஜன்னலும் உடைந்திருக்கவில்லை. சாக்குச் சொல்ல இருவரிடமும் எதுவும் இல்லை. அவள் படியில் கால் வைத்தாள். மழையில் நனைந்தபடி அவன் கம்பியைப் பிடித்துக்கொண்டான்.

"ஒண்ணே ஒண்ணு சொல்லிட்டுப் போங்க. எனக்காக... எத்தனை வருஷம் இருப்பீங்க?"

அதே கேள்வி. பொய்யாவது சொல்ல வேண்டிய கேள்வி. அவள் திரும்பினாள். முகத்தில் வழிந்ததில் மழை எது, மற்றது எது என்று அவளுக்கே தெரியவில்லை.

"உங்களை எனக்கு ரொம்பப் பிடிச்சிருக்கு. அன்னிக்கு அந்த நாடாவைக் கழட்டச் சொன்னீங்களே, அப்பலேர்ந்து..." மூச்சை இழுத்துக்கொண்டாள். "இருப்பேன். வேற எதுவும் எனக்குத் தெரியாது. முப்பத்து நாலு வருஷம் இருந்தாரே, நான் அந்த மனுஷனோட பொண்ணு..."