கயிறு கட்டிய கல்

செவ்வாயின் மூன்றாம் குமிழில் காலை மழையை ஆறரை மணிக்கு நிறுத்திவிடுவார்கள். நிறுத்தியதும் ஜனங்கள் விழிப்படலத்தில் செய்தி ஓட, வேலைக்கு ஓடுவார்கள். யாழரசி கட்டிய ஜப்பானியத் தோட்டம் அவர்கள் போகிற வழியில்தான் இருந்தது. ஒரு ஜென்மமாவது திரும்பிப் பார்க்க வேண்டுமே!

அவளுக்கு வயிற்றெரிச்சல். ஐந்நூறு வருஷத்துக்கு முன் ஜப்பானியப் பிரபுக்கள் உலாவுவதற்கென்றே அமைத்துக்கொண்ட தோட்ட வகை அது. நடுவில் குளம், அதைச் சுற்றி வளைந்து வளைந்து போகும் பாதை. எங்கே நின்றாலும் முழுத் தோட்டமும் தெரியாது. இந்தத் திருப்பத்தில் ஒளிந்த பாலம் அடுத்த திருப்பத்தில் எட்டிப் பார்க்கும். அவசரக்காரன் கால் தானாகவே மெதுவாகட்டும் என்று படிக்கற்களைக்கூட கோணலாகப் பதித்திருந்தாள். நாலு பேர் வந்து நின்று நிதானமாகப் பார்க்க வேண்டும், அவ்வளவுதான் அவள் ஆசை.

நிர்வாகமோ கறாராகச் சொல்லிவிட்டது: வருகை நாளுக்கு நூறைத் தொடாவிட்டால் மாதக் கடைசியில் குளத்தைத் தூர்த்துப் பாசிப்பண்ணை போட்டுவிடுவார்களாம். அன்றைய வருகை மூன்று.

அந்த வாரம் ஒரு கிளைப்பாதையில் படிக்கல் ஆட்டம் கண்டது. தோட்ட ரோபோ சொக்கன் மரபு தெரிந்தவன். உருண்டைக் கல் ஒன்றைக் கறுப்புக் கயிற்றால் குறுக்கும் நெடுக்குமாகக் கட்டி, பாதை நடுவே வைத்தான். ‘இதற்கு மேல் வராதீர்கள்’ என்பதற்கு ஜப்பானியத் தோட்டங்களில் அதுதான் அடையாளம்.

வழி தவறி உள்ளே வந்த மங்களவல்லி என்கிற அம்மாள் கல்லைப் பார்த்ததும் செருப்பைக் கழற்றினாள்.

“என்ன சாமிப்பா இது?”

“இதைத் தாண்டக் கூடாதும்மா” என்றான் சொக்கன்.

“தாண்டினா?”

“விழுந்துடுவீங்க.” ரோபோவுக்குப் பொய் சொல்ல வராது.

“ஆத்தாடி! ரொம்பத் துடியான சாமியால்ல இருக்கு!” என்று கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

ஆறு வருஷமாக இழுத்தடித்த அவளுடைய பூமிப் பயண அனுமதி, பாருங்கள், அன்று மதியமே வந்து தொலைத்தது!

மறுநாள் வருகை முந்நூறு. வாரக் கடைசியில் ஒன்பதாயிரம். கல்லுக்கு மஞ்சள் குங்குமம், பட்டுத்துண்டு, சுற்றிலும் தொண்டர் படை.

“படிக்கல்லைச் சரிபண்ணியாச்சு. மரபுப்படி கல்லை எடுத்துடணும்” என்றான் சொக்கன் யாழரசியிடம்.

“எடுத்தா?”

“நாளைக்கு மறுபடி மூணு பேர்.”

“இருந்துட்டுப் போகட்டும்” என்றாள்.

பாசிப்பண்ணைத் திட்டம் கைவிடப்பட்டது. உத்தரவு போட்ட அதிகாரியே குடும்பத்தோடு மொட்டை போட்டுக்கொண்டு போனார். குளம் பிழைத்தது, பாலம் பிழைத்தது. யாழரசிக்குச் சந்தோஷம் பிடிபடவில்லை. ஒருநாள் ஆசையாகத் தானும் உலாவலாம் என்று போனாள்.

இருபுறமும் கம்பித் தடுப்பு. வரிசையில் நகர்ந்த மூன்று மணி நேரமும், முன்னால் நின்றவரின் பிடரியைத் தவிர எதுவும் தெரியவில்லை. கடைசித் திருப்பத்தில்தான் சற்று இடைவெளி கிடைத்தது. குளத்துக்கு அப்பால், குமிழுக்கு வெளியே, சிவப்பு மலை. அந்த ஒரு இடத்திலிருந்து மலையும் தோட்டத்தைச் சேர்ந்தது போலத் தெரிய வேண்டுமென்று இரண்டு வருஷம் அளந்து அளந்து பாதையை வளைத்திருந்தாள். நின்றாள். கண் கலங்கிவிட்டது.

முதுகில் ஒரு தொண்டரின் கை பதிந்து தள்ளியது.

“அங்க என்னம்மா வேடிக்கை? சாமி இந்தப் பக்கம். நிக்காதீங்க, நகருங்க, நகருங்க!”