நாற்பது வீட்டுக்கு ஒரே பாஸ்வேர்டு

போன் அலறியது!

ஏணியில் நின்றிருந்த நெட்காரர் ஒரு கையால் எடுத்தார். அபார்ட்மென்ட் வாட்ச்மேன்.

"அண்ணே... மூணாவது மாடிப் பெரியவரை யாரோ தூக்க மாத்திரை கலந்து குடுத்து முடிச்சிட்டாங்க!"

"ஐயோ! என் சம்சாரம்தானே அவருக்கு நர்ஸ்?"

"போலீஸ் வந்து அவங்களை விசாரிச்சு வீட்டுக்கு அனுப்பிட்டாங்க. பக்கத்து வீட்டுத் தையல்காரம்மாவைத்தான் புடிச்சிட்டுப் போயிட்டாங்க. 'வாயைத் திறந்தா செத்துடுவே'ன்னு நேத்து பெரியவருக்கு ஒரு மெயில் வந்திருக்கு. அது அந்தம்மா வீட்டு நெட்லேருந்து போயிருக்காம்!"

நெட்காரர் ஏணியை விட்டு இறங்கினார்.

அங்கே நாற்பது வீடுகளுக்கு ரூட்டர் மாட்டியவர் அவர்தான். வீட்டுக்கு ஒரு பாஸ்வேர்டு போட்டால் மறந்துவிட்டு அவர் உயிரை எடுப்பார்கள். அதனால் எல்லா வீட்டுக்கும் ஒரே பெயர், ஒரே பாஸ்வேர்டு! தன் வீட்டுக்கும் அதே. ஒரு வீட்டில் பழகிய செல், எந்த வீட்டுப் பக்கம் போனாலும் தானாக ஒட்டிக்கொள்ளும்.

எவனோ செய்த பாவம்... மாட்டிக்கொண்டது அந்த அம்மா. எல்லாம் தன் சோம்பேறித்தனத்தால்! வீட்டுக்கு வந்தும் குற்ற உணர்ச்சியில் அவருக்குச் சோறு இறங்கவில்லை.

"ஸ்டேஷனுக்குப் போய் உண்மையைச் சொல்லிடறேன்."

மனைவி தட்டைக் கழுவுவதை நிறுத்தினாள். "பைத்தியமா உங்களுக்கு? இருக்கிற வேலையும் போயிடும். பேசாம இருங்க!"

"போன வாரம்கூட காசு வாங்காம எனக்கு பேன்ட் தைச்சுக் குடுத்தாங்கடி. எப்படி சும்மா இருக்கறது?"

போய்விட்டார்.

ஸ்டேஷன் பெஞ்சில் தையல்காரம்மா. கழுத்தில் அளவு டேப் அப்படியே தொங்கியது. அழுது அழுது முகம் வீங்கியிருந்தது.

"பெரியவர் மெஷின் சத்தத்துக்குச் சண்டை போடுவாரு... அவ்வளவுதான் தம்பி. எனக்கு மெயில் அனுப்பவே தெரியாதே!"

நெட்காரர் ஒன்றுவிடாமல் ஒப்புக்கொண்டார்.

இன்ஸ்பெக்டர் தலையில் அடித்துக்கொண்டார். "ஏன்யா, பூட்டுன்னு ஒண்ணு எதுக்குய்யா இருக்கு? சரி... நேத்து மெயில் போன பதினொன்னு பத்துக்கு இந்தம்மா நெட்ல யார் நுழைஞ்சாங்கன்னு பார்க்க முடியுமா?"

"முடியும் சார். எந்த செல் எப்ப ஒட்டுச்சுன்னு ரூட்டர்ல பதிஞ்சிருக்கும்."

மேஜையில் கிடந்த தையல்காரம்மாவின் ரூட்டரை லேப்டாப்பில் இணைத்தார். பட்டியல் விரிந்தது.

பதினொன்று பத்து. ஒரே ஒரு செல்.

'எங்க வீட்டு மகாராணி.'

கல்யாண நாளுக்கு அவரே வாங்கிக் கொடுத்து, அவரே பெயரும் வைத்த செல்!

போன மாதம் மனைவியின் பையில் அட்டை அட்டையாகத் தூக்க மாத்திரை... கேட்டதற்கு 'சாம்பிள்' என்றாளே! அவள் மாத்திரை திருடியதைப் பெரியவர் பார்த்துவிட்டாரா? அதற்குத்தான் 'வாயைத் திறந்தா' மிரட்டலா?

லேப்டாப்பை மூடிவிடலாம். யாருக்கும் தெரியாது. கை மூடியை நோக்கிப் போனது...

"கிடைச்சுதா தம்பி?" தையல்காரம்மா எழுந்தே விட்டாள்.

அவளை நிமிர்ந்து பார்க்க முடியவில்லை. லேப்டாப்பை இன்ஸ்பெக்டர் பக்கம் திருப்பினார்.

"யாருய்யா இந்த மகாராணி?"

"என்... என் சம்சாரம் சார்..."

இன்ஸ்பெக்டர் தொப்பியை எடுத்து மாட்டினார்.

"முதல்ல உன் வீட்டு பாஸ்வேர்டை மாத்துய்யா. இனிமே அது உனக்கு மட்டும் தெரிஞ்சா போதும்!"