நீக்கிய ஒரு வரி

மார்ச் மாதத்தில் கோகுலன் அழித்த கேள்வி திரையில் நின்றது. அவன் யாருக்கும் அனுப்பாத கேள்வி.

கணினியின் அடித்தளத்தில் ஓடும் கேர்னல் என்ற மென்பொருளில், தகவலைப் பூட்டித் திறக்கும் ரகசியத் திறப்புகளைக் காக்கும் பகுதிக்கு வரும் மாற்றங்களைப் படித்துப் பார்ப்பது அவன் வேலை. உடையார்கட்டு வீட்டின் முன்னறையில் இருந்தபடி, முகம் தெரியாத வெளிநாட்டுக்காரரோடு. யாராவது நீக்கும் வரி சிவப்பில், கழித்தல் குறியோடு வரும். அடியில் "பார்த்தேன், சரி" என்று அவன் பெயர் விழுந்தால் அந்த வரி போய்விடும்.

மார்ச்சில் அன்று போனது, பயன்படுத்திய திறப்பை நினைவகத்திலிருந்து துடைக்கும் வரி. ஏன் எடுக்கிறீர்கள் என்று கேட்டிருக்க வேண்டும். ஆங்கிலத்தில் நான்கு தரம் எழுதி நான்கு தரமும் அழித்தான். சிரிப்பார்களோ என்ற வெட்கம். கடைசியில் சரி என்று அழுத்திவிட்டுச் சாப்பிடப் போனான். துடைக்காமல் விட்ட திறப்பு, வேலை முடிந்த பிறகும் நினைவகத்துக்குள்ளேயே கிடக்கும்.

அந்தக் கேள்விதான் இப்போது, பிழைகளோடு அப்படியே, திரையில். திரையை மூடித் திறந்தான். போகவில்லை.

பிற்பகல் இரண்டு மணி. மனைவி பிரேமிளா புதுக்குடியிருப்புக்கு ரியூஷன் படிப்பிக்கப் போகும்போது சொல்லிவிட்டுத்தான் போனாள்.

"மேனுகாவை நித்திரையாக்கிப்போட்டுப் போறன். இடைக்கிடை எட்டிப் பாருங்கோ, என்ன."

"ஓம், ஓம்" என்றிருந்தான், கண்ணெடுக்காமல்.

தகரக் கூரையில் மழை தூறத் தொடங்கி, ஈரமண் வாசத்தோடு கிணற்றடி வாழையிலைகளின் சலசலப்பும் உள்ளே வந்து, மின்விசிறியின் கிறீச்சுக்கு இடையிடையே பக்கத்து அறையில் நான்கு வயது மகளின் சளி பிடித்த மூச்சு இழுபட்டு இழுபட்டுக் கேட்டுக்கொண்டிருந்தது.

புதிய மாற்றம் ஒன்று வந்தது. அனுப்பியவர் பெயர் இல்லை. ஒரே வரி. சிவப்பு.

மேனுகா கோகுலன். பக்கத்தில் அவள் பிறந்த தேதி.

பெயரை இரண்டு தரம் வாசித்தான். யாரோ விளையாடுகிறார்கள். கேட்டுவிடலாம். எழுதினான். அழித்தான். என் பிள்ளையின் பெயர் ஏன் இதில் என்று அத்தனை பெரியவர்கள் நடுவில் எப்படிக் கேட்பது? விசர் என்பார்கள். மறுபடி எழுதினான். ஒரு சொல் பிழைத்தது. அழித்தான். முகம் சுட்டது. இது கண்ணை விட்டுப் போனால் போதும் என்றிருந்தது.

சரி என்று அழுத்தினான்.

மழை பெய்தது. மின்விசிறி சுற்றியது. மூச்சு கேட்கவில்லை.

கதிரை விழ ஓடினான். பாய். தலையணை. பிள்ளை இல்லை. பின்கதவு உள்ளே தாழ் போட்டபடி. அலுமாரிக்குப் பின்னால் இல்லை. குசினியில் இல்லை. திரும்பவும் அறைக்கு வந்து போனை எடுத்தான்.

"பிரேமிளா, மேனுகாவைக் காணேல்லையப்பா. நான்... நான் போய்ப் பாக்கேல்ல."

மறுமுனையில் பிள்ளைகள் வாய்ப்பாடு சொல்லும் சத்தம்.

"ஆரைக் காணேல்ல?"

"மேனுகாவை. எங்கட பிள்ளையை."

அவள் பிள்ளைகளைச் சத்தம் போடாமல் இருக்கச் சொன்னாள். பிறகு மெதுவாக, பரிவோடு, "என்னப்பா கதைக்கிறீங்கள்? எங்களுக்கு ஏது பிள்ளை?" என்றாள்.

அவன் பாயைப் பார்த்தான். யாரும் இல்லாத பாய் ஓரிடத்தில் அமுங்கியது, ஒரு சின்னப் பாதத்தின் அளவுக்கு. அடுத்து இன்னொன்று. அவன் பக்கமாக.

பிறகு அவன் உடுத்திருந்த சாரத்தின் நுனியை, முழங்காலுக்குக் கிட்ட, ஏதோ பிடித்து இழுத்தது.