புளி பட்ட செப்பு டோக்கன்

ரூ காய் என்ற பிரெஞ்சுத் தெருவின் தேநீர்க் கடையில் மூலை மேசைதான் மரி-லூயிஸின் அலுவலகம். நீதிமன்ற எழுத்தராக இருந்து ஓய்வு பெற்ற புதுச்சேரிக்காரி. பிரெஞ்சில் மனு எழுதித் தருவார். உண்மை என்று தனக்குப் படாத ஒரு வரியையும் எழுதமாட்டார்.

அன்று சார்செல் புறநகரிலிருந்து இரத்தினம் வந்தார். மனைவி றஜனி மரக்கறிப் பைகளோடு பின்னால் வந்து பக்கத்து மேசையில் அமர்ந்தாள். அவளுக்குத் தேநீர் வேண்டுமா என்று அவர் கேட்கவில்லை.

வெள்ளைக்காரன் காலத்துச் செப்பு டோக்கன்கள் சேர்ப்பவர் அவர். கொழும்புக் கோப்பி ஆலையொன்று கூலியாட்களுக்குக் காசுக்குப் பதிலாகக் கொடுத்த டோக்கனை எடுத்துவிட்டு யாரோ போலியை வைத்துவிட்டார்களாம். போன வாரம் வியாழன் மாலை அதைக் கையில் வாங்கிப் பார்த்தவர் நண்பர் வாமதேவன். சனி காலை பெட்டியைத் திறந்தால் இது.

"இருவது வருசப் பழக்கம், மதாம். கள்ளன் எண்டு பொலிசுக்கு எழுதுங்கோ."

அவர் நீட்டிய டோக்கன் புதுக்காசு போல மின்னியது. தொலைபேசியில் இருந்த பழைய படத்திலோ கறுத்துக் கிடந்தது.

"வாமதேவன் அண்ணைதான் மாத்தியிருக்கிறார்," என்றாள் தேநீர் கொண்டுவந்த அஜந்தா. மரி-லூயிஸுக்கு யாரும் நியமிக்காத உதவியாளர் அவள்.

மரி-லூயிஸ் பூதக்கண்ணாடியை எடுத்து டோக்கனையும் படத்தையும் மாறி மாறிப் பார்த்தார்.

"போலி செய்றவன் கறுப்பாக்கத்தான் பாடுபடுவான், அஜந்தா. பளபளன்னு செஞ்சு மாட்டிக்க மாட்டான். விளிம்புல வெட்டைப் பாரு, படத்துலயும் அதே இடம். எழுத்து இடுக்குல புளி நாரு. இது அதே டோக்கன்தான். வியாழனுக்கும் சனிக்கும் நடுவுல வெள்ளி, விளக்குத் தேய்க்கிற நாள்."

பிறகு, யார் யாரை விசாரித்தீர்கள் என்று இரத்தினத்திடம் கேட்டார். வாமதேவன், புடைவைக் கடைக்காரர், மேல்மாடிக்காரர்கள் என்று அவர் அடுக்கினார்.

"வீட்டுல?"

இரத்தினம் டோக்கனைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

"வீட்டில நிண்டால் கண்ணாடி வைச்சு அதையே பாக்கிறியள்," என்றாள் றஜனி. "புளி போட்டுத் தேய்ச்சு வடிவாக்கித் தந்தால் என்னோடையும் ரெண்டு கதை கதைப்பியள் எண்டு நினைச்சன். நீங்கள் கள்ளன் எண்டு கத்தத் தொடங்கீட்டியள். என்னை எப்ப கேப்பியள் எண்டு எட்டு நாளாப் பாத்துக்கொண்டிருக்கிறன்."

மரி-லூயிஸ் பேனாவை மூடினார். இரத்தினம் அங்கேயே தொலைபேசியில் வாமதேவனை அழைத்து, தடுமாறித் தடுமாறி மன்னிப்புக் கேட்டார். பிறகு மனைவி பக்கம் திரும்பினார். அப்போதும் அவருக்கு முதலில் நினைவு வந்தது காசுகள்தான்.

"மிச்சத்தையும் தேய்ச்சனியே?"

ஒரு சொல்லில் முடிந்துவிடும் பதில். றஜனி கதிரையை இழுத்து அவருக்கு எதிரே போட்டுக்கொண்டு, வெள்ளிக்கிழமை காலை எழும்பியதிலிருந்து மெதுவாகச் சொல்லத் தொடங்கினாள்.