ஒரு கணக்கு, ஒரே ஆள்

"கண்ணைச் சிமிட்டவும்" என்று கணினித் திரை கேட்டது. மிண்டா கேமராவுக்கு நேரே பிடித்திருந்ததோ செத்துப்போன கணவன் கிறிசாந்தோவின் படம். படம் எங்கே சிமிட்டும்? தோற்றுவிட்டோம் என்று அவள் கையைத் தாழ்த்தியபோது திரையில் பச்சை எழுத்து வந்தது: 'வருக, கிறிசாந்தோ.'

போனில் தங்கை ரோதோரா சிரித்தாள். "செத்தவரு மூஞ்சியக் காட்டியா ஏமாத்துற?"

"பின்ன? ஆறு வருஷமா காசு குடுத்து வாங்கின விளையாட்டுடி. ஆள் போனா கணக்கும் போச்சாம், கம்பெனிக்காரங்க பொண்டாட்டிக்குத் தர மாட்டாங்களாம். நாம வாங்கினது விளையாட்டை இல்லியாம், விளையாட அனுமதி மட்டும்தானாம்."

"நல்லா இருக்கு. செருப்பு வாங்கினாலும் நடக்க மட்டும்தான் அனுமதின்னுவான்."

மிண்டா போனை வைத்துவிட்டு, கண்ணாடிச் சட்டம் போட்ட படத்தை மாதா சொரூபத்துக்குப் பக்கத்தில் பழையபடி நிறுத்தினாள். மெழுகுவர்த்தியும், காலையில் அவனுக்குப் படைத்த சோற்றுத் தட்டும் அங்கேயே இருந்தன. விளையாட்டுக்குள் அவன் கட்டிய கடலோர வீட்டின் வாசலில் போய் நின்றால், "மிண்டா, சாப்பிட்டியா?" என்று அவன் பதிவு செய்து வைத்த குரல் கேட்கும். அவனிடமிருந்து அவளுக்கு மிஞ்சியது அது ஒன்றுதான். அதை விட்டுக்கொடுக்க அவளுக்கு மனமில்லை.

இன்று அந்த வாசலில் போய் நின்றும் குரல் இல்லை.

பதினாலாம் மாடி ஜன்னலில் கேசோன் நகரத்துப் பிற்பகல் மழை சடசடவென்று அடித்துக்கொண்டிருக்க, திரிப் புகையின் வாடைக்கு நடுவே அவன் தலையில் தடவும் பொமேடின் இனிப்பு வாசனை மெல்ல எழுந்து, அவள் கழுத்துக்குப் பின்னால் வந்து நின்றது. திரையில் புதிய வரி வந்தது.

'உரிமையாளர் வந்துவிட்டார். ஒரு கணக்கில் ஒரே ஆள். மற்றவர் வெளியேறவும்.'

அவள் கணினியை அணைத்தாள். அணையவில்லை. மின்கம்பியைப் பிடுங்கினாள். வரி அப்படியே இருந்தது.

மழைச் சத்தம் நின்றது. ஜன்னலில் தண்ணீர் மட்டும் வழிந்தது.

கதவுக்கு ஓடினாள். கைப்பிடி இல்லை. கதவில் கை வைத்தாள். மரம் இல்லை.

கண்ணாடி. சில்லென்றிருந்தது.

பின்னால் சுவர். பக்கத்தில் சட்டம். மூச்சு முட்டியது. முகத்துக்கு நேரே, கண்ணாடிக்கு அப்பால், மெழுகுவர்த்திச் சுடர். அதற்கும் அப்பால் அவளுடைய நாற்காலி. அதில் ஒரு முதுகு.

கத்தினாள். சத்தம் வரவில்லை. கண்ணைச் சிமிட்டப் பார்த்தாள். முடியவில்லை.

வெகுநேரம் விளையாடிவிட்டு அவன் எழுந்து வந்தான். பழைய தட்டை எடுத்துவிட்டு, சூடான சோற்றை அவள் முன்னால் வைத்தான்.

"மிண்டா, சாப்பிட்டியா?"